ஹெல்மெட்டுக்குள் ஒரு கொண்டை

தில்லைநகரில் நான் வேலை பார்த்த பியூட்டி பார்லரில் இப்போது சுருட்டை முடிக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். காலேஜ் பெண்கள் போனில் வீடியோவைக் காட்டி, "ஸ்ட்ரெய்ட்டனிங் எல்லாம் வேணாம், இதே மாதிரி சின்னச் சின்னக் கொண்டையா போட்டு விடுங்க" என்று கேட்கிறார்களாம். முடியை இழுக்காமல், உரசவிடாமல், சில நாளைக்கு அப்படியே ஓய்வில் வைத்திருக்கும் கொண்டை அது. அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வந்துவிட்டது. நாங்கள் போட்ட காலத்தில் பெயர் எதுவும் கிடையாது. எங்கள் மேடம் மட்டும் 'காவல் கொண்டை' என்பார்.

போன மாதம் அங்கே இப்போது வேலை செய்கிற பெண்கள் என்னைக் கூப்பிட்டு, "பொன்மலை அக்காவுக்கு நீங்க போட்ட கொண்டையப் பத்திச் சொல்லுங்கக்கா" என்றார்கள். பேச்சில் பாதி விட்டுப்போயிற்று. விட்டுப்போனதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. ப்ளஸ் டூ முடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பியூட்டிஷியன் கோர்ஸ் படித்தேன். அங்கே சுருட்டை முடியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம்: முதலில் அயர்ன் பண்ணி நேராக்கிக்கொள்ளவும். எனக்கே சுருட்டை முடி. பயிற்சிக்கு ஆள் கிடைக்காத நாட்களில் என் தலையில்தான் அயர்ன் வைத்துப் பழகினார்கள். கோர்ஸ் முடிந்தபோது என் முடியின் நுனி துடைப்பக் குச்சி போலாகியிருந்தது. அதை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒரு கொண்டையாகச் சுற்றிக்கொண்டு வேலை கேட்கப் போனேன்.

பார்லர் முதலாளி விசாலாட்சி மேடம் என் சர்டிபிகேட்டை வாங்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று கொண்டையைப் பார்த்தார்.

"இது யாரு போட்டது?"

"நானேதான் மேடம்."

"எத்தனை ஊசி?"

"ரெண்டு."

"திங்கக்கிழமை வந்துடுங்க."

இவ்வளவுதான் இன்டர்வியூ. வேலைக்கு வருகிற சின்னப் பெண்ணைக்கூட அவர் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குரல் உயராது. ஆனால் கடைக்குள் சில வார்த்தைகளைச் சொல்லக்கூடாது. 'பரட்டை', 'அடங்காத முடி', 'தேங்காய் நார்'. யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், அன்று முழுக்க அவரைத் தலை தொட விடமாட்டார். துண்டு துவைக்க அனுப்பிவிடுவார். வாடிக்கையாளரே தன் முடியை அப்படிச் சொன்னாலும் மேடம் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார். "உங்க முடி நல்லா இருக்கு. காஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான்" என்பார்.

காவல் கொண்டை போடும் முறையை அவரிடம்தான் கற்றேன். சுருட்டை முடியைக் காய்ந்தபடி சீவக்கூடாது. தண்ணீர் தெளித்து ஈரப்படுத்தி, கண்டிஷனரோ எண்ணெயோ கொஞ்சம் தடவி, முதலில் விரல்களால்தான் சிக்கெடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அகலப் பல் சீப்பு. அதுவும் நுனியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். பிறகு வகிடெடுத்து நாலைந்து பாகமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு பிரியாக்கி, கயிறு திரிப்பது போல ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டே வரவேண்டும். வேர்ப்பக்கம் தளர்வாகவும் நுனிப்பக்கம் சற்று இறுக்கமாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, வேரில் இறுக்கி நுனியில் விட்டுவிடுவார்கள். முறுக்கியதை அதன் அடியிலேயே வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகினால் கொண்டை. ரப்பர் பேண்டு கூடவே கூடாது. நெற்றியோரத்துப் பூனைமுடியை எதிலும் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் மேடம் முன்னால் வந்து நின்று, "புருவத்த மேல தூக்குங்க" என்பார். புருவம் தூக்கும்போது நெற்றித் தோல் இழுபட்டால், அது எவ்வளவு அழகான கொண்டையாக இருந்தாலும் பிரித்துவிட வேண்டும்.

கல்யாண சீசனில் ஸ்ரீரங்கத்திலிருந்து பெண்கள் வருவார்கள். ஒருமுறை உத்திர வீதியிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் பெரியம்மாவும் வந்தார்கள். பெண்ணுக்கு இடுப்பைத் தொடும் சுருட்டை. முகூர்த்தத்துக்கு ஆண்டாள் கொண்டை போட வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் அந்தக் கொண்டை, நகையும் பூவும் ஏறினால் நல்ல கனம் கனக்கும்.

"குழந்தைக்கு இப்படிச் சுருண்டுண்டு இருக்கே, கொண்டை நிக்குமோ? முன்னாடியே நேராக்கிடலாமா?" என்று பெரியம்மா கேட்டார்.

"நேர் முடிதான் மாமி வழுக்கிக்கிட்டு இறங்கும். சுருட்டை ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். உங்க பொண்ணுக்கு சவுரியே வேண்டாம்" என்றார் மேடம்.

அன்று நான்தான் போட்டேன். மாலை மாற்றும்போது மாமன்மார் தோளில் தூக்கிக் குலுக்கியும் அது அசையவில்லை என்று பெரியம்மா போன் செய்தார். சுருட்டை முடியின் குணம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது அன்றைக்குத்தான். அதன் பலமே பிடிமானம்தான். நாம் கூடுதலாக இழுத்துக் கட்ட வேண்டியதே இல்லை.

பார்லர் பெண்கள் கேட்ட அந்தப் பொன்மலை அக்கா, மரகதம், வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து.

பொன்மலையில் அப்பா வீட்டில் இருந்தார். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரகதம் ஐடிஐ-யில் டர்னர் படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. கணவர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். கையில் ஒரு பெண் குழந்தை. துவாக்குடிப் பக்கம் இரும்புச் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டிரில்லிங் மெஷினுக்கு ஆள் எடுத்தபோது சேர்ந்திருந்தார். அந்த ஷெட்டில் மெஷினில் நிற்கும் ஒரே பெண் அவர்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். முடி தோளைச் சுற்றி எழும்பி நின்றது. அவ்வளவு அடர்த்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு நெற்றிப்பொட்டிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பாதி அளவில் முடி இல்லை.

"ஹெல்மெட் உக்கார மாட்டேங்குதுக்கா. அதனால இழுத்து இழுத்துக் கட்டுறேன். ரப்பர் பேண்டு மேல ரப்பர் பேண்டு போட்டு. அப்படியும் மதியத்துக்கு மேல ஹெல்மெட் தூக்கிக்குது, முடி வெளிய வந்துடுது. போன வாரம் குனிஞ்சப்ப ஒரு கொத்து மெஷின்கிட்ட போயிடுச்சு. பக்கத்துல இருந்தவரு சுவிட்சைத் தட்டிட்டாரு."

"அடிபட்டுச்சா?"

"இல்லக்கா. நாலஞ்சு முடி மட்டும் போச்சு. ஆனா சூப்பர்வைசர் பார்த்துட்டாரு. முடி முழுசா அடங்கி, ஹெல்மெட் நேரா உக்காந்தாத்தான் மெஷின். இல்லன்னா பேக்கிங்குக்குப் போயிடுன்னுட்டாரு. அவரு சொல்றது தப்பில்ல. பேக்கிங்ல போனா நான் படிச்சது எதுக்கு?"

"கட் பண்ணிக்கலாமே" என்றேன். அந்த நிலையில் யாரும் சொல்லக்கூடியது அதுதான்.

மரகதம் கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"எங்கப்பாவும் அதான் சொல்றாரு. சமயபுரத்துல போய் மொட்டை போட்டுக்க, வேண்டுதல்னு சொல்லிக்கலாம்னாரு. வேண்டுதல்னா சந்தோஷமா போட்டுக்குவேன்கா. இவரு போனப்ப, காரியத்துக்கு வந்த ஒருத்தவங்க, தாலி போனவளுக்கு எதுக்கு இம்புட்டு முடின்னு எங்காதுல விழறாப்பலயே சொன்னாங்க. இப்ப நான் போய் வெட்டுனா அவங்க சொன்னதுக்கு வெட்டுன மாதிரி ஆயிடும். நான் வெட்ட மாட்டேன்."

மேடம் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வெட்ட வேண்டாம். வசந்தா, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் தடவை காதுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொண்டை போட்டு அனுப்பினேன். ஹெல்மெட்டின் உள்பட்டை சரியாக அதன்மேல் அழுத்தி, மாலைக்குள் தலைவலி தாங்க முடியாமல் ஊசிகளைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். அடுத்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னால் தாழ்வாக ஒரே கொண்டை. அது நின்றது. ஆனால் மெஷின்மேல் குனிகிற வேலையில், ஒரே இடத்தில் தொங்கும் கனம் முன்முடியைப் பிடித்து இழுத்திருக்கிறது. நெற்றியோரம் சிவந்துபோய் வந்தார். சூப்பர்வைசர் கொடுத்திருந்த கெடு அந்த வாரத்தோடு முடிகிறது என்றும் சொன்னார்.

அடுத்த நாள் காலை மேடம் மேசைமேல் ஒரு மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. கட்டட வேலை எடுத்துச் செய்யும் தம்பியிடம் வாங்கி வந்திருக்கிறார்.

"வசந்தா, உங்க முடியும் சுருட்டைதான். கொண்டை போட்டுக்கிட்டு இதை மாட்டிக்குங்க. கடை சாத்தற வரைக்கும் கழட்டக் கூடாது."

"கஸ்டமர் வருவாங்களே மேடம்."

"வரட்டும்."

அன்று முழுக்க ஹெல்மெட்டோடு வேலை பார்த்தேன். புருவம் எடுக்க வந்தவர்கள், எங்கேயாவது கூரை இடிந்துவிடப் போகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு அம்மா வாசலோடு திரும்பியே போய்விட்டார். மேடம் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. இடையிடையே என்னிடம் வந்து, "இப்ப எங்க அழுத்துது?" என்று மட்டும் கேட்டார். நான் தொட்டுக் காட்டுவேன். போய்விடுவார்.

சாயங்காலத்துக்குள் சில விஷயங்கள் தெரிந்துவிட்டன. உச்சியில் ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவே இடம் இருக்கிறது, ஆனால் அங்கே கொஞ்சம் முடி குவிந்தாலும் ஹெல்மெட் ஆடுகிறது. காதுக்குப் பின்னால் எதுவுமே இருக்கக் கூடாது. பட்டைக்குக் கீழே, பிடரியில் இருக்கும் பள்ளத்தில் மட்டும் எதை வைத்தாலும் தெரியவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு கொண்டை ஊசி. வியர்வையும் அழுத்தமும் சேர்ந்தால், அது தலைக்குள் ஆணி இறங்குவது போல இருக்கிறது. அதுவும் இல்லாமல், சுழலுகிற மெஷின் பக்கத்தில் ஊசி கழன்று விழுந்தால் என்ன ஆவது?

"ஊசி இல்லாம எப்படி மேடம் நிக்கும்?"

மேடம் ஹெல்மெட்டை என் தலையிலிருந்து கழற்றியபடியே கேட்டார்: "வளைகாப்புக்கு ஜடையில பூவை எப்படி நிக்க வைக்கிறீங்க?"

தைத்துத்தான். ஊசி நூலால் பின்னலோடு சேர்த்துத் தைத்துவிடுவோம். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வேலை. பூ இல்லாமல் முடியை மட்டும் தைக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

மரகதத்தை மறுநாளே வரச்சொன்னோம். இந்தமுறை முடியை ஏழெட்டு மெல்லிய பாகமாகப் பிரித்தேன். நெற்றிப்பொட்டுப் பக்கம் மிச்சமிருந்த முடியை எதிலும் சேர்க்காமல் தளர விட்டேன். ஒவ்வொரு பாகத்தையும் தட்டையாக முறுக்கி, தலையோடு ஒட்டியபடி பிடரிக்குக் கொண்டுவந்தேன். கனம் ஒரே இடத்தில் விழாமல் தலை முழுக்கப் பரவியது. கீழே வந்தவற்றை இரண்டாகச் சேர்த்து, பிடரிப் பள்ளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தட்டைக் கொண்டைகளாகச் சுற்றினேன். வடையைக் கொஞ்சம் அழுத்தினால் எப்படி இருக்குமோ அந்த அளவு உயரம்தான். பிறகு மழுங்கிய ஊசியில் கறுப்புப் பருத்தி நூலைக் கோத்து, கொண்டையின் ஒவ்வொரு சுற்றையும் அடுத்த சுற்றோடு சேர்த்துத் தைத்தேன். அதன்மேல், பழைய பட்டு ரவிக்கைத் துணியை உள்பக்கம் வைத்துத் தைத்த ஒரு தொப்பி. அந்தத் தொப்பியை மேடமே தைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"புருவத்த மேல தூக்குங்க" என்றேன்.

தூக்கினார். "ஒண்ணும் தெரியலக்கா. முடி அவிழ்ந்து கிடக்குற மாதிரி இருக்கு."

ஹெல்மெட்டை மாட்டினோம். மேடம் அதைப் பிடித்து இடமும் வலமும் திருப்பப் பார்த்தார். தலைதான் திரும்பியது.

மூன்றாம் நாள் வேலை முடிந்து நேராக பார்லருக்கு வந்தார் மரகதம். யூனிஃபார்மில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டோம்.

"என்ன ஆச்சு?"

"சூப்பர்வைசர் குனியச் சொன்னாரு. குனிஞ்சேன். தலைய ஆட்டச் சொன்னாரு. ஆட்டுனேன். ஹெல்மெட்டைக் கழட்டித் திருப்பி மாட்டச் சொன்னாரு. எல்லாம் பார்த்துட்டு, முடி எங்கம்மான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"இங்கதான் சார் இருக்குன்னேன். சரி, மெஷினுக்குப் போன்னுட்டாரு. அவ்வளவுதான்கா."

மேடம் தலையாட்டிவிட்டு, "உக்காருங்க, பிரிச்சுப் பார்க்கணும்" என்றார். நூலை வெட்டிப் பிரித்தபோது அவ்வளவு வியர்வையிலும் முடி சிக்காகியிருக்கவில்லை. சீப்பில் வந்த முடியை மேடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேரோடு வந்தது எவ்வளவு, பாதியில் முறிந்தது எவ்வளவு என்று பார்ப்பது அவர் வழக்கம். ஒன்றும் சொல்லாமல் குப்பையில் போட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதன்பிறகு வாரத்தில் ஒரு நாள் வந்து பிரித்து, குளித்து, மறுபடி போட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் வகிட்டைச் சற்று மாற்றி எடுப்பேன், ஒரே இடம் திரும்பத் திரும்பச் சுமக்கக் கூடாது என்பதற்காக. போகப்போக நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணாடி பார்க்காமல் அவரே தைக்கப் பழகிவிட்டார். நெற்றியோரத்தைக் காட்ட மட்டும் என்னிடம் வருவார். இன்று அவர் அதே ஷெட்டில் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே பெண்கள் சிலர் மெஷினில் நிற்கிறார்கள். அவர்களில் சுருட்டை முடிக்காரர்களை அவரே தில்லைநகருக்கு அனுப்பிவைக்கிறார். தனி நாற்காலி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பார்லர் பெண்களிடம் நான் சரியாகச் சொல்லாமல் விட்டது அவர் தானே தைக்கப் பழகுவதற்கு முன்னால் நடந்த ஒன்று.

கொண்டை மாற்றிய அடுத்த வருடம் அது. வலது நெற்றிப்பொட்டில் முடி வந்துவிட்டது. முதலில் பஞ்சு போல, பிறகு சுருண்டு. இடது பக்கம் அப்படியே இருந்தது. மரகதம் ஒவ்வொரு முறையும் கேட்பார், "அந்தப் பக்கமும் வந்துடும்ல?" நான் "பார்ப்போம்" என்பேன். தோல் டாக்டரிடமும் அனுப்பினோம். அவர் ஒரு மருந்து எழுதிக்கொடுத்து, பொறுத்துப் பாருங்கள் என்றார். பொறுத்துப் பார்த்தாயிற்று. அந்த இடத்தில் தோல் வழவழவென்று மினுங்க ஆரம்பித்திருந்தது. முடி வரப்போகிற தோலில் புள்ளி புள்ளியாக வேர்க்கால் தெரியும். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

நான் உள்ளே போய் மேடத்திடம் சொன்னேன். அவரும் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்கதான் சொல்லணும்."

"நீங்க சொன்னா நல்லா இருக்கும் மேடம்."

"அவங்க தலை உங்க கையிலதானே இருந்துச்சு. கண்ணாடியப் பார்த்துச் சொல்லாதீங்க. முன்னாடி போய் நின்னு சொல்லுங்க."

போய் நின்றேன். மரகதம் நாற்காலியில், முடி பாதி முறுக்கி, மீதி பிரிந்த நிலையில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் கை இடது நெற்றிப்பொட்டுக்குப் போயிற்று.

"மரகதம், அந்தப் பக்கம் இனி வராதும்மா. வேர் போயிடுச்சு. ரொம்ப நாள் இழுத்துக் கட்டுனதுல போனது. வந்துடும்னு இனிமே நான் சொன்னா அது பொய்யாயிடும்."

அவர் கையை எடுக்கவில்லை. அந்த இடத்தை இரண்டு விரலால் அளப்பது போல மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் பிரிந்திருந்த முடி அவர் முகத்தில் வந்து விழுந்தது. அதை ஒதுக்கிவிடப் போனேன், பிறகு விட்டுவிட்டேன்.

"மத்ததெல்லாம் நிக்குமா?"

"நிக்கும். இப்படியே பார்த்துக்கிட்டா நிக்கும்."

"சரிக்கா" என்றார். பிறகு, "அந்த இடத்துக்கு எண்ணெய் மிச்சம்" என்று சொல்லி, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மீதிய முறுக்குங்க. எனக்கு மதிய ஷிப்ட்."

நான் பின்னால் போய், விட்ட இடத்திலிருந்து முறுக்கத் தொடங்கினேன்.